பழங்கிரேக்க நகர அரசுகளில் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்கிரேக்கக் கல்வியைப் பற்றி வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தில் பிறப்பவை. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, மிலேட்டஸ் எல்லாம் ஒரே நாடு என்றும், கி.மு. 5-ம் நூற்றாண்டும் 2-ம் நூற்றாண்டும் ஒரே காலம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். அவை தனித்தனி நகர அரசுகள். சட்டம், நாட்காட்டி, சில காலம் எழுத்துகூட வேறு வேறு. ஆகவே ஒவ்வொரு பதிலிலும் எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லியிருக்கிறோம்.

பணக் கணக்கு தெரிந்தால் படிக்க வசதி: 6 ஓபோல் சேர்ந்தால் 1 திராக்மா, 100 திராக்மா 1 மினா, 60 மினா 1 தாலந்து. கி.மு. 5-ம் நூற்றாண்டின் கடைசியில் ஏதென்ஸில் எரெக்தியம் கோயில் வேலை செய்த கைவினைஞர்களின் நாள்கூலி 1 திராக்மா.

ஏதென்ஸ்ல அரசாங்கப் பள்ளிக்கூடம் இருந்துச்சா?

இல்லை. ஜனநாயகம் உச்சத்தில் இருந்த கி.மு. 5-ம் நூற்றாண்டிலும் ஏதென்ஸ் அரசு ஆசிரியருக்குச் சம்பளம் தரவில்லை, பாடத்திட்டம் போடவில்லை, தேர்வு வைக்கவில்லை. எழுத்து தெரிந்த ஒருவர் தன் வீட்டிலோ வாடகை இடத்திலோ பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்துவார், பெற்றோர் பணம் கொடுப்பார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

அரசு செய்ததெல்லாம் தடை விதித்ததுதான். கி.மு. 346 வாக்கில் நீதிமன்றத்தில் பேசிய அரசியல்வாதி ஏஸ்கினஸ் பழைய சட்டங்களை எடுத்துக்காட்டுகிறார்: சூரியன் உதிக்கும் முன் பள்ளியைத் திறக்கக் கூடாது, மறையும் முன் மூடிவிட வேண்டும். சிறுவர்களுக்கு வெளியாட்களால் தீங்கு நேரக் கூடாது என்பதே நோக்கம். பிள்ளைக்கு ஒரு தொழிலும் கற்றுத் தராத தகப்பன், முதுமையில் அவனிடம் சோறு கேட்க உரிமையில்லை என்று ஏதென்ஸின் பழைய சட்ட அமைப்பாளர் சோலோன் சட்டம் போட்டதாக வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். தாய் தந்தையர் பொறுப்பு என்று விட்டதற்கு இது நல்ல சாட்சி.

விதிவிலக்கு ஒன்று உண்டு. போரில் தகப்பனை இழந்த மகன்களை ஏதென்ஸ் பொதுச்செலவில் வளர்த்தது. வயது வந்ததும், டயோனிசஸ் கடவுளுக்கு எடுக்கும் டயோனிசியா விழாவில், நாடக அரங்கில் எல்லார் முன்னிலும் போர்க்கவசம் கொடுத்து அனுப்பியது.

அப்போ பள்ளிக்கூடங்கள் ரொம்ப அபூர்வமா?

அபூர்வம் இல்லை. இதற்குச் சான்றாகக் கிடைப்பவை பெரும்பாலும் துயரச் செய்திகள். கி.மு. 494 வாக்கில் கியோஸ் தீவில் பள்ளிக் கூரை இடிந்து, எழுத்துப் படித்துக்கொண்டிருந்த 120 பிள்ளைகளில் ஒரே ஒருவன் பிழைத்தான் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கி.மு. 413-ல் திரேசியக் கூலிப்படையினர் போயோஷியாவின் மிகலெஸ்ஸஸ் என்ற சிற்றூருக்குள் புகுந்து, அப்போதுதான் பள்ளிக்குள் நுழைந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் கொன்றனர். அதை ‘ஊரிலேயே பெரிய பள்ளி’ என்கிறார் வரலாற்றாசிரியர் தூசிடைடிஸ். அப்படியானால் அந்தச் சின்ன ஊரில் வேறு பள்ளிகளும் இருந்திருக்க வேண்டும்.

எத்தனை வயசுல சேர்ப்பாங்க? எத்தனை வருஷம் படிப்பு?

ஏதென்ஸில் சுமார் 7 வயதில். எத்தனை ஆண்டு என்பதற்கு விதி இல்லை. பணக்காரர் பிள்ளைகள் எல்லாரையும்விட முந்திச் சேர்ந்து, எல்லாரையும்விடப் பிந்தி நிற்கிறார்கள் என்று தத்துவஞானி பிளேட்டோவின் உரையாடலில் புரோடகோரஸ் என்ற ஆசிரியர் சொல்கிறார். வகுப்பு, பட்டம், சான்றிதழ் எதுவும் கிடையாது. கையில் காசும் வீட்டில் வேலைக்கு ஆளும் இருக்கும்வரை படிப்பு.

ஒரே வாத்தியார்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தாரா?

மூன்று பேர். எழுத்தும் கணக்கும் கவிதையும் கற்பிப்பவர் கிரமட்டிஸ்டேஸ். யாழும் பாட்டும் கற்பிப்பவர் கிதாரிஸ்டேஸ். உடற்பயிற்சி தருபவர் பைடோட்ரிபேஸ். பிள்ளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய் வரவேண்டும். மூன்றுக்கும் பணம் கட்ட முடியாதவர்கள் முதலாமவரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எழுத்து ஆசிரியருக்கு மதிப்பு குறைவு. பேச்சாளர் டெமாஸ்தனிஸ் தன் எதிரி ஏஸ்கினஸை அவமானப்படுத்த என்ன சொன்னார் தெரியுமா? ‘நீ உன் அப்பன் நடத்திய பள்ளியில் மை அரைத்தாய், பெஞ்சு துடைத்தாய், அறை பெருக்கினாய்’ என்றுதான். அந்தத் திட்டில் நமக்கு லாபம்: பள்ளியில் பெஞ்சு இருந்தது, மையை அங்கேயே அரைத்தார்கள் என்று தெரிகிறது.

பைடகோகோஸ்னா ஆசிரியர்தானே?

இல்லை. அவர் வீட்டு அடிமை. பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது, யாழையும் பலகையையும் சுமப்பது, பாடம் முடியும்வரை உட்கார்ந்திருப்பது, நடத்தையைக் கண்காணிப்பது, தேவைப்பட்டால் அடிப்பது அவர் வேலை. பாடம் நடத்துவது அல்ல.

இந்த வேலைக்கு நல்ல ஆளைப் போட்டார்களா என்றால், எப்போதும் இல்லை. பின்னாளில் ஏதென்ஸ் தளபதியான அநாதைச் சிறுவன் ஆல்கிபியாடஸுக்கு, அவன் காப்பாளரும் ஏதென்ஸின் தலைவருமான பெரிக்கிளிஸ் நியமித்தது, முதுமையால் வேறெதற்கும் உதவாத ஸோபிரஸ் என்ற திரேசிய அடிமையை என்று பிளேட்டோவின் பெயரில் உள்ள ஓர் உரையாடல் சொல்கிறது.

எழுத்து எப்படிக் கத்துக்கொடுத்தாங்க? படிப்படியா சொல்லுங்க.

முதலில் எழுத்துகளின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்ய வேண்டும். அது சரியாக வந்தபின் வடிவம். பிறகு அசைகள்: பீட்டாவோடு ஒவ்வொரு உயிரெழுத்தையும் சேர்த்து பா, பெ, பே, பி என்று ஓதுவார்கள், அடுத்து காமா, அடுத்து டெல்டா. நம் க, கா, கி, கீ வாய்பாட்டை ஒத்த முறை. எகிப்தில் கிடைத்த கி.மு. 3-ம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் பாடச் சுருள் ஒன்றில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது: அசைகள், எண்கள், தெய்வங்கள் மற்றும் ஆறுகளின் பெயர்கள், பிறகு நாடகாசிரியர் யூரிப்பிடஸ், காவியக் கவிஞர் ஹோமர் பகுதிகள்.

எழுதுவதற்கு மெழுகுப் பலகை. மரப்பலகையை நடுவில் குடைந்து மெழுகு ஊற்றியிருப்பார்கள். எழுத்தாணியின் ஒரு முனை கூர், எழுத. மறுமுனை தட்டை, மெழுகைத் தேய்த்து அழிக்க. கைப்பழக்கம் வராத பிள்ளைக்கு ஆசிரியர் முதலில் லேசாகக் கீறிக் கொடுப்பார், பிள்ளை அதன்மேல் எழுதும். மெழுகு தேய்ந்துபோகும். மாதா மாதம் நான் கஷ்டப்பட்டு மெழுகு பூசும் பலகை கட்டில்காலோரம் அநாதையாகக் கிடக்கிறது என்று ஹெரோடஸின் கி.மு. 3-ம் நூற்றாண்டுக் குறுநாடகத்தில் ஒரு தாய் புலம்புகிறாள். பாப்பிரஸ் எகிப்திலிருந்து வரவேண்டும், காசு அதிகம். பயிற்சிக்கு உடைந்த பானை ஓடும் போதும்.

கஷ்டம் எங்கே வரும் என்றால், வாசிப்பில். கிரேக்கர் சொற்களுக்கு நடுவில் இடைவெளி விடாமல் எழுதினார்கள், நிறுத்தற்குறியும் இல்லாத மாதிரிதான். ஒரு சொல் எங்கே முடிகிறது என்று காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் சத்தம் போட்டுப் படித்தார்கள், அசைப் பயிற்சிக்கு அவ்வளவு நேரம் கொடுத்தார்கள்.

இன்னொரு சங்கதி. ஏதென்ஸ் கி.மு. 403-ல்தான் 24 எழுத்துள்ள அயோனிய நெடுங்கணக்கை அரசாங்க எழுத்தாக ஏற்றது. அதற்கு முந்திய அட்டிக (ஏதென்ஸ் வட்டார) எழுத்தில் ஒமேகாவும் ப்ஸையும் இல்லை. ‘ப்ஸ’ ஒலிக்கு ஃபை, சிக்மா என்று இரண்டு எழுத்து போடுவார்கள். சாக்ரடீஸ் சிறுவனாகப் படித்த எழுத்தும் பிளேட்டோவின் முதுமைக்காலத்துப் பிள்ளைகள் படித்த எழுத்தும் ஒன்றல்ல.

கணக்கு?

குறைவுதான். விரல் கணக்கு, கூழாங்கல்லை வரிக்கோடுகளில் வைத்து நகர்த்தும் கணக்குப் பலகை, கடைத்தெருவுக்குத் தேவையான கூட்டல் கழித்தல். வடிவியல் என்பது பெரியவர்களான பிறகு, விரும்பியவர்களுக்கு.

ஹோமர் முழுசையும் மனப்பாடம் பண்ணாங்கன்னு சொல்றது உண்மையா?

பகுதிகளை எல்லாரும், முழுவதையும் மிகச் சிலர். தளபதி நிக்கியாஸ் தன் மகன் நிக்கெரடஸை இலியட், ஒடிசி இரண்டையும் முழுதாக மனப்பாடம் செய்ய வைத்தார். ‘இப்போதும் என்னால் சொல்ல முடியும்’ என்று அவன் விருந்தில் பெருமை அடிக்கிறான். சாக்ரடீஸின் மாணவர் செனஃபன் எழுதிய இந்தக் காட்சியில் இன்னொருவர் உடனே அவனை மட்டம் தட்டுகிறார்: தெருவில் பாடிப் பிழைக்கும் பாணர்களுக்கும் அதெல்லாம் பாடம்தானே, அவர்களைவிட முட்டாள்கள் உண்டா? பெருமைப்படும் அளவுக்கு அது அரிது. கேலி செய்யும் அளவுக்கு அதன் பயனில் அப்போதே சந்தேகம்.

இசைக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

கவிதையும் இசையும் பிரியாத காலம் அது. விருந்தில் யாழ் கைமாறி வரும்போது பாடத் தெரியாதவன் வளர்ப்புச் சரியில்லாதவன். பொதுத்தேவையும் உண்டு. ஏதென்ஸின் பெரிய டயோனிசியா விழாவில் பத்து இனக்குழுக்களும் (குடிமக்களின் பத்துப் பிரிவுகள்) தலைக்கு 50 சிறுவர் கொண்ட பாட்டுக்குழுவை இறக்கின. ஆண்டுக்கு 500 சிறுவர்கள், பாட்டும் ஆட்டமும் மாதக்கணக்கில் ஒத்திகை. அந்தச் சிறுவர் குழுவுக்குச் செலவழிக்கும் புரவலருக்கு 40 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று சட்டம். காரணம் முதல் பதிலில் சொன்னதேதான், சிறுவர் பாதுகாப்பு.

யாழில் ஆமை ஓடு உடல், நரம்பு ஏழு. ஆலோஸ் என்ற இரட்டைக்குழலை ஆல்கிபியாடஸ் ‘முகத்தைக் கோணலாக்குகிறது, ஊதும்போது பேச முடியவில்லை’ என்று மறுத்தபின் மேட்டுக்குடிப் பிள்ளைகளிடம் அது மவுசு இழந்தது என்கிறார் புளூட்டார்க்.

உடற்பயிற்சிக் கூடத்துல என்ன நடக்கும்?

உடையைக் களைந்து, ஆலிவ் எண்ணெய் பூசி, மேலே மண்தூள் தூவிக்கொள்வார்கள். மண்வெட்டியால் கிளறி மென்மையாக்கிய தரையில் மல்யுத்தம். கூடவே ஓட்டம், தாண்டல், வட்டெறிதல், ஈட்டி, குத்துச்சண்டை. தாண்டும்போது இரு கையிலும் கல் அல்லது ஈய எடைகள் பிடிப்பார்கள். முடிந்ததும் எண்ணெய், வியர்வை, மண் மூன்றையும் வளைந்த உலோகச் சுரண்டியால் வழித்தெடுப்பார்கள்.

சின்ன வயதில் அளவு மீறினால் கெடும் என்பதற்கு அரிஸ்டாட்டில் ஒரு கணக்கு தருகிறார்: ஒலிம்பியாவில் சிறுவர் பிரிவிலும் பிறகு ஆடவர் பிரிவிலும் வென்றவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் தேறமாட்டார்கள். இன்றைய பயிற்சியாளர்களும் கேட்கவேண்டிய கணக்கு.

அடிப்பாங்களா?

அடிப்பார்கள். செருப்பு, பிரம்பு, தோல்வார். மேலே சொன்ன ஹெரோடஸின் நாடகத்தில், ஐந்து தடவை கத்தாமல் ஆல்ஃபாவைக்கூட அடையாளம் காணாத, சூதாட்டத்தில் திரியும் மகனைத் தாயே ஆசிரியரிடம் இழுத்துவந்து தோலுரிக்கச் சொல்கிறாள். நகைச்சுவைதான், ஆனால் பார்ப்பவருக்குப் பழகிய காட்சி என்பதால்தான் சிரிப்பு வரும்.

ஃபீஸ் எப்படி?

ஏதென்ஸில் மாதக் கட்டணம். ஆந்தெஸ்டெரியோன் மாதம் முழுக்கத் திருவிழா என்பதால் பணம் மிச்சம் பிடிக்க அந்த மாதம் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத கஞ்சனை அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் எழுத்தில் வரைகிறார். உடம்பு சரியில்லாத நாளுக்கும் அவன் கழித்துக்கொள்வான். ஆசிரியருக்குப் பணம் வராமல் போவதும் சகஜம். தன் காப்பாளர் அஃபோபஸ் ஆசிரியர்களின் கூலியைக்கூடச் சாப்பிட்டுவிட்டார் என்று டெமாஸ்தனிஸ் வழக்கில் சொன்னார்.

பெண் பிள்ளைகளுக்குப் படிப்பே கிடையாதா?

ஏதென்ஸில் பள்ளி கிடையாது. வீட்டில் நூல் நூற்பது, நெய்வது, குடும்பக் கணக்கு, அடிமைகளை மேய்ப்பது. 15 வயது ஆகாமலே கல்யாணம் என்பதைச் செனஃபன் சாதாரணமாக எழுதுகிறார். ஆனாலும் பெண்கள் சுருளைப் பிடித்து வாசிக்கும் ஏதென்ஸ் ஓவியப் பானைகள் பல உண்டு, ஆகவே சில வீடுகளில் எழுத்து கற்றார்கள். சில சிறுமிகள் பிராவ்ரோனில் ஆர்ட்டெமிஸ் கோயிலில் ‘கரடிகள்’ என்ற பெயரில் ஆட்டம், ஓட்டம் உள்ள சடங்குப் பணி செய்தார்கள்.

ஸ்பார்ட்டாவில் பெண்கள் வெட்டவெளியில் ஓடினர், மல்லுக்கட்டினர், வட்டும் ஈட்டியும் எறிந்தனர். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது கேலிப்பொருள். ஸ்பார்ட்டாவின் காரணம் விடுதலை அல்ல, உடல்வலு உள்ள தாய்க்கு உடல்வலு உள்ள பிள்ளை என்பது. தேயோஸ் நகரம் பற்றிக் கீழே வருகிறது, அதையும் பாருங்கள்.

ஏதென்ஸ்ல எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரியும்னு சொல்றாங்களே, ஆஸ்ட்ரகா ஓட்டுல பேர் எழுதி ஓட்டு போட்டாங்களே?

ஆஸ்ட்ரகா என்பவை, ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டியவர் பெயரை எழுதிப் போட்ட பானை ஓடுகள். அதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஏதென்ஸின் கோட்டைக்குன்றான அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் பெயர் எழுதிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பிரித்துப் பார்த்தால் எழுதியவர்கள் 14 பேர்தான். யாரோ முன்கூட்டியே எழுதி வைத்து விநியோகிக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள். தன் பெயரைக் கிறுக்கத் தெரிவதற்கும் ஒரு சுருளை வாசிப்பதற்கும் இடையில் நிறையப் படிகள் உண்டு.

ஸ்பார்ட்டாவில் 7 வயசுலேயே பிள்ளையைப் பிடுங்கிக்கிட்டாங்களா? உள்ளே என்ன நடந்தது?

ஆம், இங்கே பயிற்சி அரசின் கையில். 7 வயதில் சிறுவர்கள் கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஒன்றாக வளர்ந்தார்கள். மேலே பைடோனோமோஸ் என்ற அதிகாரி, அவருக்குச் சவுக்கு ஏந்திய இளைஞர்கள் துணை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் 20 வயதையொட்டிய இளைஞன் தலைவன். அதிகாரி இல்லாதபோது எந்தக் குடிமகனும் எந்தச் சிறுவனையும் தண்டிக்கலாம். அரியணை வாரிசுக்கு மட்டும் விலக்கு. அகெசிலாவுஸ் அப்போது அரியணை வாரிசாக இருக்கவில்லை என்பதால் பயிற்சியில் வளர்ந்து, பிறகு மன்னனானார்.

தலை ஒட்ட வெட்டப்படும், செருப்பு இல்லை, ஆண்டுக்கு ஒரே மேலாடை. படுக்கைக்கு யூரோடஸ் ஆற்று நாணலைக் கத்தி இல்லாமல் கையால் ஒடித்துப் பரப்ப வேண்டும். சாப்பாடு வேண்டுமென்றே குறைவு.

20 வயதையொட்டி ஒரு பொதுப்பந்தியில் சேர வேண்டும். ஏற்கெனவே இருப்பவர்கள் ரொட்டி உருண்டைகளைக் கலத்தில் போடுவார்கள், ஒரே ஒருவர் உருண்டையை நசுக்கிப் போட்டாலும் சேர்க்கை இல்லை. சேர்ந்தபின் மாதம் 1 மெடிம்னஸ் (தானிய அளவு) வாற்கோதுமை மாவு, 8 கோவெஸ் (திரவ அளவு) திராட்சை மது, 5 மினா எடை (இங்கே மினா பணம் அல்ல, நிறை) பாலாடைக்கட்டி, இரண்டரை மினா அத்திப்பழம் தரவேண்டும் என்கிறார் புளூட்டார்க். இதுதான் அமைப்பின் ஓட்டை. பங்கு கொடுக்க முடியாத ஏழைக்குக் குடியுரிமை போய்விடும், எத்தனை சவுக்கடி தாங்கியிருந்தாலும். நிலம் சில கைகளில் சேரச் சேரக் குடிமக்கள் குறைந்தார்கள். கி.மு. 480 வாக்கில் 8,000 ஆண்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் 1,000 பேர்கூட இல்லை என்கிறார் அரிஸ்டாட்டில்.

திருடக் கத்துக்கொடுத்தாங்களாமே? நரிக்குட்டிக் கதை உண்மையா?

உணவு திருடலாம், மாட்டினால் அடி. அடி திருடியதற்கு அல்ல, மாட்டிக்கொண்டதற்கு. போர்க்காலத்தில் பதுங்கவும் உளவு பார்க்கவும் பழக்கம் வரும் என்று செனஃபன் விளக்குகிறார். அவர் ஸ்பார்ட்டாவை நேரில் அறிந்தவர், கி.மு. 4-ம் நூற்றாண்டு.

திருடிய நரிக்குட்டியை உடைக்குள் மறைத்து, அது குடலைக் கிழித்தும் வாய்திறக்காமல் செத்த சிறுவன் கதை கி.பி. 100 வாக்கில் எழுதிய புளூட்டார்க்கிடம் வருகிறது. ஸ்பார்ட்டாவின் ஆர்ட்டெமிஸ் ஓர்த்தியா கோயிலிலும் இதே இடைவெளிதான். செனஃபன் காலத்தில் அது பலிபீடத்திலிருந்து பாலாடைக்கட்டி திருடும் போட்டி. ரோமானியர் காலத்தில் சிறுவர்களை இரத்தம் வரச் சவுக்கால் அடிக்கும் காட்சியாகிவிட்டது. கி.பி. 3-ம் நூற்றாண்டில் பார்வையாளர் உட்கார அரங்கே கட்டினார்கள். சுற்றுலாவுக்காகப் பெருக்கிய கொடுமையை, கி.மு. 480-ல் மடிந்த ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடஸ் காலத்தின் மேல் ஏற்றக் கூடாது.

ஸ்பார்ட்டாக்காரங்களுக்கு எழுத்தே தெரியாதா?

தேவைக்கு மட்டும் கற்றார்கள். தளபதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் கடிதப் போக்குவரத்து இருந்ததே. ஆனால் கூட்டுப்பாட்டிலும் ஆட்டத்திலும் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். கவிஞர் ஆல்க்மானின் கன்னியர் பாட்டு ஸ்பார்ட்டாவுக்காகவே இயற்றப்பட்டது.

கிரீட் தீவிலும் ஸ்பார்ட்டா மாதிரிதானா?

சாயல் உண்டு. சிறுவர்கள் ஆண்களின் பொதுப்பந்தியில் தரையில் உட்கார்ந்து, பெரியவர்களுக்குப் பரிமாறி, அங்கேயே வழக்கங்களைக் கற்றார்கள். வளர்ந்ததும் குழுக்கள். ஆனால் குழுவைத் திரட்டுவது செல்வாக்குள்ள வீட்டுப் பையன், மேற்பார்வை பெரும்பாலும் அவன் தகப்பன். ஸ்பார்ட்டாவைப்போல் அந்தக் குழுவின் தலைமை அரசு அதிகாரி அல்ல. குறித்த நாட்களில் குழுவும் குழுவும் யாழ், குழல் தாளத்தோடு மோதிக்கொள்ளும்.

அப்படின்னா எந்த ஊருமே ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கலையா?

கொடுத்தார்கள், பிற்காலத்தில், அதுவும் பணக்காரர் நன்கொடையால். கி.மு. 480-ல் பாரசீகருக்குப் பயந்து வந்த ஏதென்ஸ் அகதிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் கூலியைத் திரோயிசென் நகரம் ஏற்றது பழைய உதாரணம், ஆனால் அது அவசரகால உதவி.

நிரந்தர ஏற்பாட்டுக்கு மிலேட்டஸ் கல்வெட்டைப் பாருங்கள். கி.மு. 200 வாக்கில் யூடெமஸ் என்பவர் 10 தாலந்து கொடுத்தார். எழுத்தாசிரியர் 4 பேர், மாதம் 40 திராக்மா. உடற்பயிற்சி ஆசிரியர் 4 பேர், மாதம் 30. வேட்பாளர்கள் பெயர் கொடுத்து, மக்கள் சபை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை என்று ஆசிரியர் சத்தியம் செய்ய வேண்டும். பரிந்துரை பிடிக்கும் வழக்கம் அப்போதே இருந்ததால்தானே இந்தச் சத்தியம்!

தேயோஸில் பாலித்ரூஸ் என்பவர் 34,000 திராக்மா கொடுத்தார். அங்கே மூன்று எழுத்தாசிரியர்களுக்கு ஆண்டுக்கு 600, 550, 500. உடற்பயிற்சியாளர் இருவருக்குத் தலா 500. இசையாசிரியருக்கு 700, மற்ற எல்லாரையும்விட அதிகம். எழுத்தாசிரியர்கள் ‘ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும்’ கற்பிக்க வேண்டும் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. முன்பு சொன்ன நாள்கூலி 1 திராக்மாவோடு ஒப்பிட்டால் இது பெரிய சம்பளம் அல்ல, ஆனால் மாதம் தவறாது.

பிளேட்டோ 10 வயசுல எழுத்து, 13 வயசுல யாழ்னு எழுதியிருக்காரே, நீங்க 7-னு சொல்றீங்க?

அது அவர் கற்பனை செய்த நகரத்துக்கான திட்டம். நடப்பு அல்ல. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் கல்வி பற்றி எழுதியவற்றில் பெரும்பகுதி ‘இப்படி இருக்கவேண்டும்’ என்பதே. கல்வி எல்லாருக்கும் ஒன்றாக, பொதுவாக இருக்கவேண்டும் என்று அரிஸ்டாட்டில் வாதாடுவதே, தன் காலத்தில் ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்குத் தனியாகத் தோன்றியதைக் கற்பிக்கிறார்கள் என்ற குறையோடுதான்.

பள்ளி முடிஞ்சதும் மேற்படிப்பு?

காசுள்ளவருக்கு ஸோஃபிஸ்டுகள் என்ற, ஊர் ஊராகப் போய்க் கட்டணத்துக்குக் கற்பித்த ஆசிரியர்கள், பிறகு சொற்கலைப் பள்ளி. பாரோஸ் தீவின் எவேனஸ் 5 மினா வாங்கினார், ஐசாக்ரட்டீஸின் கட்டணம் 10 மினா, அதாவது கைவினைஞர் ஒருவரின் 1,000 நாள் கூலி.

18 வயசுல ராணுவப் பயிற்சி கட்டாயமா?

ஏதென்ஸில் கி.மு. 335 வாக்கில் சீர்படுத்திய முறை இது: 18 வயதில் பதிவு, இரண்டு ஆண்டு. முதல் ஆண்டு கோயில்களைச் சுற்றிவந்து பிரேயஸ் துறைமுகக் காவலில் தங்குவார்கள். கவசப்போர், வில், ஈட்டி, கவண்பொறி என்று தனித்தனிப் பயிற்சியாளர். ஒவ்வொரு இனக்குழுவுக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட ஒரு கண்காணிப்பாளர், அவருக்கு நாளைக்கு 1 திராக்மா, இளைஞனுக்கு 4 ஓபோல். அந்தப் பணத்தையும் கண்காணிப்பாளரே வாங்கி எல்லாருக்கும் பொதுவாகச் சமையல் சாமான் வாங்குவார். முதல் ஆண்டு முடிவில் நாடக அரங்கில் அணிவகுத்துக் காட்டி, அரசிடம் கேடயமும் ஈட்டியும் பெற்று, எல்லைக் காவலுக்குப் போவார்கள்.

இந்தப் பயிற்சி பின்னாளில் சுருங்கியது. கட்டாயம் போனது, காலம் ஓராண்டானது, தத்துவ ஆசிரியர்களின் பேச்சைக் கேட்பதும் சேர்ந்தது. கி.மு. 2-ம் நூற்றாண்டின் இறுதியில் வெளியூர்ப் பணக்காரப் பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள், அவர்கள் பெயர்கள் ஏதென்ஸ் கல்வெட்டுப் பட்டியல்களில் தனித் தலைப்பில் வருகின்றன.